கருவ முள்ளும் எம்சிஆர் செருப்பும்: ராம்நாட்டுல எங்கம்மாவுக்கு அளவெடுத்து செஞ்ச ஜோடி, ஆறு மாசம் கழிச்சு ஒரு ரிவ்யூ

இது செருப்பு ரிவ்யூ தாங்க. ஆனா கொஞ்சம் நீளமா போகும், ஏன்னா எங்கம்மா காலப் பத்தி சொல்லாம நேரா ரேட்டிங் போட்டேன்னா "ஒரு கருப்பு ரப்பர் செருப்புக்கு 1400 ரூவாயா"ன்னு தான் கேப்பீங்க, நானே மொத நாள் கடையில அப்படித்தான் கேட்டேன்.

அம்மாவுக்கு 61 வயசு, நாங்க பாம்பன் பக்கம். கல்யாணத்துக்கு முன்னாடியே பாசி எடுக்கப் போனவங்க. தெரியாதவங்களுக்காக சொல்றேன், தீவுங்களச் சுத்தி பாறையில ஒட்டியிருக்குற மரிக்கொழுந்து, கட்டக்கோரை இதெல்லாம் முங்கி முங்கி பிச்சுட்டு வர்ற வேலை. கண்ணுக்கு கண்ணாடி, விரலுக்கு துணிச்சுத்து, காலுக்கு தகடு, இடுப்புல பை, அவ்ளோ தான். சிலிண்டர்லாம் கிடையாது. எவ்ளோ நேரம் மூச்ச அடக்குவீங்கன்னு கேட்டா செகண்டு கணக்குல சொல்லத் தெரியாது, "நெஞ்சுக்குழி ஒரு உதறு உதறும், ரெண்டாவது உதறுக்கு மேல வந்துரணும்"னு சொல்லுவாங்க. அந்த உதறல் ஆக்சிஜன் கொறையுறதால வருதுன்னு தான் நான் ரொம்ப நாளா நெனச்சேன். அப்படி இல்லையாம், ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற மூளைத்தண்டு அதக் கண்டுபிடிச்சு உதரவிதானத்த இழுக்குறது தான் அது. அதனால தான் முங்குறதுக்கு முன்னாடி புஸ்ஸு புஸ்ஸுன்னு வேகமா மூச்சு விட்டுட்டுப் போறது ஆபத்து, கார்பன் டை ஆக்சைடு கொறஞ்சு போயி உதறலே லேட்டா வரும், அதுக்குள்ள தண்ணியிலயே மயக்கம் போட்டுரும். அம்மா செட்டு ஆளுங்க யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்க, காரணம் கேட்டா "அது ஆகாது"ன்னு ஒரே வார்த்தை.

இத எதுக்கு சொல்றேன்னா, ஒடம்பு என்ன சொல்லுதுன்னு கேட்டு கேட்டே பொழச்ச பொம்பள அவங்க. கால வச்ச ஒடனே மணலா சேறா பாறையான்னு தெரியும். அப்பேர்ப்பட்டவங்க காலுல ஒரு கருவ முள்ளு ஏறி, ரெண்டு நாளு உள்ளயே இருந்திருக்கு, அவங்களுக்குத் தெரியல.

நம்ம மாவட்டத்துல செருப்புக்கு மொத டெஸ்டே சீமைக்கருவ முள்ளு தான், சாதா ஹவாய் செருப்பெல்லாம் அதுக்கு அப்பளம் மாதிரி. அன்னைக்கு வெறகு பொறுக்கப் போன எடத்துல செருப்பத் தாண்டி ஏறியிருக்கு. எம்பொண்ணு தான் மொதல்ல பாத்தா, "அம்மாச்சி நீ நடக்குற எடமெல்லாம் பொட்டு வச்சுட்டுப் போற"ன்னா. சிமெண்டுத் தரையில செவப்பு செவப்பா புள்ளி. செருப்பக் கழட்டிப் பாத்தா உள்ளங்கால்ல முறிஞ்ச முள்ளு, சுத்தி சீழு. அம்மா அத வேற யாரோ காலப் பாக்குற மாதிரி பாத்துட்டு "இது எப்ப குத்துச்சு?"ன்னு என்னயக் கேக்குறாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு.

சுகர் 14 வருசமா இருக்கு. மாசாமாசம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போறோம், பேரு வேணாம், ரத்தம் எடுப்பாங்க, மாத்திரைய கூட்டிக் கொறைப்பாங்க. இத்தன வருசத்துல ஒருத்தர் கூட "செருப்பக் கழட்டுங்க, கால காட்டுங்க"ன்னு சொன்னதில்ல. நாங்களும் கேக்கல. அந்தப் புண்ணு ஆற அஞ்சு வாரம் ஆச்சு, டிரஸ்ஸிங் பண்ண வந்த சிஸ்டர் தான் எம்சிஆர் செருப்பு, அதாவது உணர்ச்சி கொறஞ்ச காலுக்குப் போடுற மெத்து ரப்பர் செருப்பு, வாங்குங்கன்னு மொதல்ல சொன்னாங்க.

நான் என்ன பண்ணேன், ஆன்லைன்ல தேடி "டயாபடிக் செருப்பு"ன்னு போட்டிருந்த ஒண்ண ஆர்டர் போட்டேன். வந்து பாத்தா உள்ள பூரா அக்குபிரஷர் புள்ளி, முண்டு முண்டா. ரத்த ஓட்டத்துக்கு நல்லதுன்னு டப்பாவுல எழுதியிருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, அழுத்தம் தெரியாத காலுக்கு அடியில நாள் பூரா அழுத்துற முண்டு! உணர்ச்சி இருக்குற நமக்கு பத்து நிமிசத்துல உறுத்தும், கழட்டிருவோம், அவங்களுக்கு உறுத்தாது, அதே எடத்துல புண்ணாகுறது வரைக்கும் நடப்பாங்க. அந்த செருப்புக்கு என் ரேட்டிங் பூஜ்யம், குப்பையில போட்டாச்சு.

அப்புறம் விசாரிச்சு விசாரிச்சு ராம்நாட்டுல கேணிக்கரை பக்கம் ஒரு சின்ன பட்டறை கெடச்சுது. பேர இங்க எழுதலீங்க, அந்த அண்ணனே வேணாம்னுட்டாரு, ஒத்த ஆளு, கூட்டம் வந்தா சமாளிக்க முடியாதாம். வேலூர் பக்கம் போயி இந்த வேலையக் கத்துக்கிட்டு வந்தவரு. பாம்பன்ல இருந்து பஸ்ல ஒண்ணேகால் மணி நேரம். போன ஒடனே அளவெடுப்பாருன்னு பாத்தா, ஸ்டூல்ல உக்கார வச்சு, "அக்கா கண்ண மூடுங்க"ன்னாரு.

கையில ஒரு குச்சி, அது நுனியில ஒரு நைலான் நரம்பு. அம்மா ஒத்தக் கண்ணத் தொறந்து பாத்துட்டு "இது நம்ம தங்கூசி தான"ன்னாங்க, மீன் பிடிக்குற நைலான் நரம்பத் தான் அப்படிச் சொல்லுவோம், அண்ணன் சிரிச்சுட்டாரு. கிட்டத்தட்ட தங்கூசி தான், ஆனா அளவா செஞ்சது. கால்ல வச்சு அழுத்துனா சரியா 10 கிராம் விசையில வளைஞ்சுரும், அதுக்கு மேல அழுத்தம் போகாது, அதனால யாரு அழுத்தினாலும் ஒரே அளவு. 1890கள்ல ஜெர்மனியில மாக்ஸ் வான் ஃப்ரேன்னு ஒருத்தர் குதிரை முடிய வச்சு இதே மாதிரி தொடு உணர்ச்சிய அளந்திருக்காரு, அது தான் பின்னாடி நைலானா மாறிச்சு. பெருவிரல், முன்பாதத்துல மூணு எடம்னு தொட்டுத் தொட்டு "தெரியுதா"ன்னு கேட்டாரு. வலது கால்ல நாலு எடத்துல ஒரு எடம் தான் தெரிஞ்சுது. எடது கால்ல ஒண்ணுமே இல்ல. நரம்பு வளைஞ்சு நிக்குறத நான் கண்ணால பாக்குறேன், அம்மா அமைதியா "ம், தொடுங்க"ன்னு சொல்லிட்டு உக்காந்திருக்காங்க. அவங்கள விட எனக்குத் தான் வயித்தக் கலக்குச்சு.

அடுத்து ஒரு இசைக்கவை, 128 ஹெர்ட்ஸ், தட்டி பெருவிரல் எலும்புல வச்சாரு. ஒண்ணும் அதிரலன்னாங்க. அப்புறம் பெருவிரலப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டி "இப்ப விரல் எங்கக்கா இருக்கு, மேலயா கீழயா"ன்னாரு. அம்மா குத்துமதிப்பா சொல்றாங்க, பாதி தப்பு. கடைசியா கால ஒட்டி வச்சு நிக்க வச்சு, பக்கத்துலயே பிடிக்கத் தயாரா நின்னுக்கிட்டு, கண்ண மூடச் சொன்னாரு. மூடுன ஒடனே படகுல நிக்குற மாதிரி ஆடுனாங்க பாருங்க, நான் பாஞ்சு பிடிச்சேன்.

அப்ப அவரு கேட்டாரு, "அக்கா, மூஞ்சி கழுவுறப்ப தள்ளுதா?" அம்மா அப்படியே அவர ஜோசியக்காரரப் பாக்குற மாதிரி பாத்தாங்க. ஆமா, ரெண்டு வருசமா சோப்பு போட்டு கண்ண மூடுனா செவத்தப் பிடிச்சுக்குவாங்க. கரண்ட் போனாலும் கிறுகிறுங்குதும்பாங்க. நாங்க பித்தம்னு இஞ்சிச்சாறு கொடுத்துட்டு இருந்தோம், கேவலமா இருக்கு இப்ப நெனச்சா.

நேரா நிக்குறதுக்கு மூணு எடத்துல இருந்து சேதி வரணுமாம். கண்ணு, காதுக்குள்ள இருக்குற அரைவட்டக் குழாய்ங்க, அப்புறம் காலோட தோல், மூட்டு, தசையில இருந்து வர்றது. மூணாவது தான் நமக்கு இருக்குறதே தெரியாத ஒண்ணு. கை கால் எங்க இருக்குன்னு பாக்காமலே தெரியுதில்ல, இருட்டுல சோத்த வாயிக்குத் தான கொண்டு போறோம், மூக்குக்கு இல்லையே, அந்த உணர்வு. ஷெரிங்டன்னு ஒரு பிரிட்டிஷ் விஞ்ஞானி 1906ல அதுக்கு ப்ரோப்ரியோசெப்ஷன்னு பேரு வச்சாரு. தசைக்குள்ள இருக்குற நரம்பு முனைங்க எவ்ளோ இழுபடுதுன்னு அளந்து சொல்லிட்டே இருக்கும், அதுல பியேசோ 2ன்னு ஒரு புரதம் தான் இழுவிசைய நரம்பு சேதியா மாத்துது, அதக் கண்டுபிடிச்ச பட்டபூட்டியனுக்கு 2021ல நோபல் கெடச்சுது. நூறு வருசத்துக்கு மேல ஆகியிருக்கு பாருங்க, பேரு வச்சதுக்கும் புரதம் கெடச்சதுக்கும்.

இயன் வாட்டர்மன்னு இங்கிலாந்துல ஒருத்தர், 1971ல 19 வயசுல ஒரு காய்ச்சலுக்கு அப்புறம் கழுத்துக்குக் கீழ இந்த உணர்வும் தொடு உணர்வும் மொத்தமா போயிருச்சு. தசையில பலம் அப்படியே இருக்கு, ஆனா ஒடம்பு எங்க இருக்குன்னு தெரியாததால எந்திரிக்கவே முடியல. அப்புறம் ஒவ்வொரு அசைவையும் கண்ணால பாத்துப் பாத்து திரும்ப நடக்கக் கத்துக்கிட்டாரு. லைட்ட அணைச்சா சரிஞ்சு விழுந்துருவாரு. எங்கம்மா வாஷ்பேசின் முன்னாடி தள்ளாடுறது அதோட குட்டி சைஸு, அவ்ளோ தான். நடக்குறப்ப தலையக் குனிஞ்சு தரையப் பாத்துட்டே நடப்பாங்க, வயசாயிருச்சுன்னு நெனச்சோம். அவங்க கண்ணு தான் காலோட வேலையையும் சேத்துப் பாத்துட்டு இருந்திருக்கு.

நான் ஒரு சந்தேகம் கேட்டேன். ராத்திரி ஆனா கால் எரியுது எரியுதுன்னு தூங்க மாட்டாங்களே, எரியுதுன்னா உணர்ச்சி இருக்குன்னு தான அர்த்தம்? இல்லையாம். கெட்டுப் போற நரம்பு வெளிய ஒண்ணும் நடக்காமலே தானா சிக்னல் அனுப்பும், ஆனா வெளிய நெசமா நடக்குறத அனுப்பாது. ஒடம்புலயே நீளமான நரம்பு கால் விரலுக்குப் போறது, இடுப்புல இருந்து ஒரு மீட்டர் வரைக்கும் நீளம், அதனால சுகர்ல மொத அடி அங்க தான், விரல்ல ஆரம்பிச்சு சாக்ஸ் போட்ட மாதிரி மேல ஏறும். உள் உறுப்புக்குப் போற நரம்பும் தப்பாது, ரொம்ப நாள் சுகர் இருக்குறவங்க சில பேருக்கு லோ சுகரோட படபடப்பு தெரியாது, மாரடைப்பே வலியில்லாம வரும், அதுக்கு தனியா டாக்டரப் பாத்து வச்சுக்கோங்க, செருப்புக்கடை அண்ணன் அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

டெஸ்ட்டெல்லாம் முடிஞ்சு அவரு சாம்பிள் செருப்ப எடுத்து வச்சாரு பாருங்க, அம்மா மூஞ்சி மாறிருச்சு. "இது பெருவியாதிக்காரங்க போடுறது, நான் போட மாட்டேன், ஊருல என்ன சொல்லுவாங்க." எந்திரிச்சே போயிட்டாங்க, வாசல்ல போயி நின்னுக்கிட்டாங்க. எனக்கு அந்தப் பழைய வார்த்தையக் கேக்கவே சங்கடமா இருந்துச்சு, ஆனா அம்மா வயசு ஆளுங்க மனசுல எம்சிஆர்னா தொழுநோய் தான், அது உண்மையும் கூட.

அண்ணன் கோவிச்சுக்கல. வாசல்லயே ஸ்டூலப் போட்டு உக்காந்து கத சொன்னாரு. பால் பிராண்ட்னு ஒரு டாக்டர், வெள்ளக்காரரு தான் ஆனா 1914ல நம்ம கொல்லிமலையில பொறந்தவரு, 1946ல வேலூர் சிஎம்சிக்கு வந்தாரு. தொழுநோய்ல விரல் அழுகி விழுதுன்னு தான் அப்ப எல்லாரும் நம்புனாங்க. அவரு ஒவ்வொரு புண்ணா எப்படி வந்துச்சுன்னு தேடித்தேடிப் பாத்தப்ப, சதை தானா அழுகலன்னு தெரிஞ்சுது. கிருமி நரம்பக் கெடுத்துருது, வலி போயிருது, வலி போனதால சூட்டுச் சட்டியப் பிடிக்குறாங்க, ஆணி ஏறுன காலோட நடக்குறாங்க, காயத்து மேல காயம். சில பேருக்கு ராத்திரியில விரல் கொறஞ்சு போறது எப்படின்னு பாத்தா, தூங்குறப்ப எலி வந்து கடிச்சிருக்கு, முழிப்பே வரல. அதுக்கப்புறம் வீட்டுக்குப் போற நோயாளிங்களுக்குத் தொணைக்கு பூனையக் கொடுத்து அனுப்புனாங்களாம். இங்க அம்மா வாயத் தொறந்தாங்க, "எங்க வீட்டுல மூணு பூன இருக்கு, மீன் வீடு."

அந்த வேலூர் வேலையில இருந்து வந்தது தான் இந்த மாதிரி மெத்து ரப்பர் செருப்பு. பிராண்ட் பின்னாடி அமெரிக்காவுக்குப் போனப்ப சுகர்காரங்க காலுலயும் இதே கத நடக்குறதப் பாத்து அங்கயும் இதே வைத்தியத்தச் சொன்னாரு. "அக்கா, நோய் வேற வேற, கால் ஒண்ணு தான்"ன்னாரு அண்ணன். அம்மா உள்ள வந்து உக்காந்தாங்க. கலர் மட்டும் பிரவுன்ல போடணும்னு கண்டிசன்.

சரி செருப்புக்கு வருவோம். எம்சிஆர்னா மைக்ரோ செல்லுலர் ரப்பர், உள்ள பூரா கண்ணுக்குத் தெரியாத காத்துக் குமிழி. கட்டைவிரலால அழுத்துனா அமுங்கி ஒடனே எழும்பி வரணும், அமுங்கியே நின்னா அது டூப்ளிகேட்டு. கடினத்த ஷோர்னு ஒரு அளவுல சொல்றாங்க, 15ல இருந்து 20க்குள்ள இருக்கணுமாம். இது மேல் தட்டு மட்டும் தான், அடியில கெட்டியான ரப்பர் தனியா. மெத்து ரப்பர் அழுத்தத்தப் பிரிச்சுக் கொடுக்கும், முள்ளத் தடுக்காது, முள்ளத் தடுக்குறது அடித்தட்டு. நம்ம ஊருக்குன்னு அடித்தட்ட அவரு கொஞ்சம் தடிமனா போடுறாரு. ஆணி ஒண்ணு கூட கிடையாது, ஒட்டு, தையல் தான். விரலுக்கு நடுவுல வர்ற வாரு இல்ல, அங்க தான் மொதல்ல புண்ணு வருமாம். பின்னாடி குதிகால் வாரு கண்டிப்பா உண்டு, ஏன்னா உணர்ச்சி இல்லாத காலுல செருப்பு கழண்டு விழுந்தாலும் தெரியாது. எங்கம்மா ஒரு தடவ பஸ் ஸ்டாண்டுல இருந்து வீடு வரைக்கும் ஒத்தச் செருப்போட வந்திருக்காங்க, அப்ப அத ஜோக்கா சொல்லிச் சிரிச்சோம்.

கால பேப்பர்ல வச்சு வரைஞ்சது சாயங்காலம், வீக்கம் சேத்து அளவு வரணும்னு. ரெடியாகி போட்டுப் பாத்தப்ப அம்மா "லூசா இருக்கு, இறுக்கிக் கொடுங்க"ன்னு ஒரே பிடிவாதம். அவரு முடியாதுன்னுட்டாரு. இது தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம். உணர்ச்சி கொறஞ்ச காலுக்கு சரியான அளவு செருப்பு போட்டிருக்குறதே தெரியாது, இறுக்கிப் பிடிச்சா தான் "ஆங், செருப்பு இருக்கு"ன்னு தோணும், அதனால எல்லாரும் ஒரு சைஸ் சின்னதா கேட்டு வாங்கிட்டுப் போயி புண்ணோட வருவாங்களாம். கஸ்டமர் கேட்டத செஞ்சு கொடுக்காத கடைக்கு நான் மார்க்கு போடுறது இது தான் மொத தடவ. மொத நாளு அர மணி நேரம் தான் போடணும், கழட்டி செவப்பு இருக்கான்னு பாக்கணும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும்னாரு. மூணாவது நாள் சுண்டுவிரல் பக்கம் செவந்துச்சு, போட்டோ அனுப்புனேன், கொண்டு வரச் சொல்லி வார மாத்திக் கொடுத்தாரு, காசு வாங்கல.

இனி குறைங்க. பன்னெண்டு நாள்னு சொல்லி இருபத்தி மூணு நாள் இழுத்தாரு, ரெண்டு தடவ பஸ் ஏறி வெறுங்கையோட திரும்புனோம், போன் எடுக்க மாட்டாரு. வெல்க்ரோ நம்ம ஊருக்கு லாயக்கில்ல, மணல் ஏறி ரெண்டே மாசத்துல பிடிப்பு போச்சு, இப்ப பழைய பல்லு பிரஷ்ஷால வாரம் ஒரு தடவ சுத்தம் பண்றேன். பக்கிள் போட்டா உப்புக்காத்துல துரு பிடிக்கும்னாரு, அதுவும் சரி தான், ஆனா வேற ஏதாவது யோசிக்கலாம். நனைஞ்சா காய ஒரு நாள் ஆகும், நாத்தமும் அடிக்கும், அதனால ரெண்டு ஜோடி இருந்தா தான் சமாளிக்க முடியும், அப்ப 2800. மெத்து ரப்பரும் நாளாக அமுங்கிரும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கொண்டு வரச் சொல்றாரு, போன வாரம் போனப்ப முன்பாதத்துக்கு அடியில தட்டையாயிருச்சுன்னு மேல் தட்டு மட்டும் மாத்துனாரு, 350.

பெரிய குறை செருப்புல இல்ல, எங்கம்மாகிட்ட. வீட்டுக்குள்ள போட மாட்டாங்க, அடுப்படியில செருப்பான்னு சண்ட. கோயில்ல எப்படியும் வெறுங்காலு தான், அக்னி தீர்த்தத்துல இருந்து மத்தியான வெயில்ல கல்லுலயும் மணல்லயும் நடந்து கொப்புளம் வாங்கிட்டு வந்தவங்க எங்க வீட்டுலயே உண்டு, அதனால இப்ப விடியக்காலம் தான் கூட்டிட்டுப் போறேன், சித்திர வைகாசியில அதுவும் இல்ல. அந்த டாக்டர் பிராண்ட் கூட வலிக்குப் பதிலா கையிலயும் செருப்புலயும் சென்சார் வச்சு, அழுத்தம் கூடுனா சத்தம் வர்ற மாதிரி பண்ணிப் பாத்தாராம், யாரும் மதிக்கல, கரண்ட் ஷாக் வச்சுப் பாத்தாரு, வேலை இருக்குறப்ப சுவிட்ச்ச அணைச்சுட்டு வேலையப் பாத்தாங்களாம், திட்டத்தையே விட்டுட்டாரு. எங்கம்மாவும் அதே கேஸு தான். வலி இருந்தா பேச்சுவார்த்தைக்கு எடமே இல்ல, செருப்புகிட்ட பேசி சமாளிச்சுக்கலாம்.

அதனால ராத்திரி ஒரு டூட்டி எனக்கு. கைக்கண்ணாடிய கால் அடியில பிடிச்சுப் பாக்குறது, அப்புறம் இப்ஸ்விச் டெஸ்ட்னு ஒண்ணு, இங்கிலாந்துல அந்த ஊரு ஆஸ்பத்திரியில இருந்து வந்தது, கருவியே வேணாம். கண்ண மூடச் சொல்லிட்டு ரெண்டு கால்லயும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிய ஆள்காட்டி விரலால ஒண்ணு ரெண்டு செகண்டு லேசா தொடணும், அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. ஆறுல ரெண்டோ அதுக்கு மேலயோ தெரியலன்னா டாக்டர்கிட்ட காலக் காட்டணும். அம்மாவுக்கு ரிசல்ட் தெரிஞ்சது தான், நான் எங்க வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் பண்ணிப் பாத்தேன். மாமியாருக்கு மூணு தெரியல. அவங்களுக்கும் ஆர்டர் கொடுத்தாச்சு, சேதியச் சொல்றப்ப பூனக் கதையில இருந்து ஆரம்பிச்சேன்.

ஆறு மாசத்துல புது புண்ணு இல்ல. மதமதப்பு போகல, எரிச்சலும் போகல, போகும்னு யாராவது செருப்பு வித்தா வாங்காதீங்க. அடித்தட்டுல மூணு கருவ முள்ளு ஏறி நின்னுச்சு, ஒண்ணு கூட மேல் தட்டுக்கு வரல. 5க்கு 4, அந்த ஒண்ணு வெல்க்ரோவுக்கும் எடுக்காத போனுக்கும்.

போறவங்க நாலு மணிக்கு மேல போங்க, ஞாயிறு லீவு. பழைய செருப்பயும் மறக்காம கொண்டு போங்க, எங்க தேஞ்சிருக்குன்னு பாத்துத் தான் எங்க மெத்து கூட வைக்கணும்னு முடிவு பண்றாரு. சுகர் ரிப்போர்ட்ட அவரு வாங்கிப் பாக்க மாட்டாரு, கால மட்டும் தான் பாப்பாரு.